எந்தக் குறிப்பு முறையைக் கற்றுத்தருவது? எழுந்து நின்று பேசும் நாளை வைத்து ஓர் ஒப்பீடு

மாணவர்களுக்குக் குறிப்பெடுக்கச் சொல்லித்தர முடிவு செய்துவிட்டேன், எந்த முறையில் தொடங்குவது என்று ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கார்னெல் முறை என்று ஒருவர் சொல்கிறார், மனவரைபடம் என்று இன்னொருவர் சொல்கிறார், முதலில் ஒழுங்காக எழுதக் கற்கட்டும், மற்றதெல்லாம் பிறகு என்று மூத்தவர் ஒருவர் சொல்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் குழப்பம் வருகிறது.

ஒரு மாணவியின் நோட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கடல் ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது பற்றி நாற்பது நிமிடம் பாடம் நடத்தியிருந்தேன். நான்கு பக்கம் எழுதியிருந்தாள். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து, தலைப்புகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. "இதைக் கொஞ்சம் கவனியுங்கள்" என்று நான் இடையில் சொன்னதுகூட வரி பிசகாமல் இருந்தது. நோட்டை மூடச் சொல்லிவிட்டு, "கடல் நீர் ஏறும் நேரம் நாளுக்கு நாள் ஏன் தள்ளிப்போகிறது?" என்று கேட்டேன். அவள் நோட்டைத் திறந்து தேடத் தொடங்கினாள். பதில் மூன்றாம் பக்கத்தின் நடுவில், அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. அவள் உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. அந்த உழைப்பை எங்கே செலுத்துவது என்று நான் கற்றுத்தந்திருக்கவில்லை.

குறிப்பெடுத்தல், சுருக்குதல், எடுத்துரைத்தல் என்ற மூன்றையும் மூன்று தனிப் பாடங்களாக நடத்தும் வழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது "காற்கூறு" மட்டுமே. உடன் கற்பவரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால் கிடைக்கிறது. மீதி இரண்டு கால், அதாவது சரிபாதி, கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது. பாதிக் கல்வி பேசும்போது வருகிறது என்றால், குறிப்பு முறையையும் அந்தப் பேச்சிலிருந்து பின்னோக்கித்தானே தேர்ந்தெடுக்க வேண்டும்? கீழே உள்ள ஒப்பீடு அந்த நோக்கில் எழுதியது.

## எதை வைத்து அளப்பது?

முதலில் வேகம். ஆங்கிலத்தில் ஒருவர் இயல்பாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 150 சொற்கள் வரும். கையால் எழுதும் வேகம் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. தமிழில் சொற்கள் நீளமானவை என்பதால் எண்ணிக்கை மாறும், ஆனால் வாய்க்கும் கைக்கும் இடையிலான தூரம் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே எந்த முறையானாலும் எதை விடுவது என்று மாணவர் ஒவ்வொரு நொடியும் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுக்கு முறை எவ்வளவு துணை நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எழுதியதை மாணவர் மறுபடி பார்ப்பாரா என்பது. குறிப்பால் இரண்டு பயன்கள் உண்டு: எழுதும் செயலே மனத்தில் பதியவைக்கிறது, எழுதிய தாள் பிறகு படிக்கக் கிடைக்கிறது. வகுப்பறைகளில் முதல் பயனோடு நின்றுவிடுகிறோம். ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் தம் நினைவையே சோதித்து வெளியிட்ட ஆய்வு காட்டுவது போல, மறதி முதல் சில மணி நேரத்திலேயே செங்குத்தாக இறங்குகிறது. மறுநாள் திறக்கப்படாத நோட்டு பாதி வீண்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது: நோட்டை மூடிவிட்டு, அந்தப் பொருளைப் பற்றி இரண்டு நிமிடம் பேச முடியுமா? சுருக்கும் திறன், வரிசைப்படுத்தும் திறன், புரிதல் எல்லாம் இந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும்.

நான்காவது, செலவு. கற்றுத்தர எத்தனை வாரம் ஆகும், தாள்களைப் பார்த்துத் திருத்த ஆசிரியருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஆரம்பத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பல நல்ல முயற்சிகள் ஆறாவது வாரத்தில் கைவிடப்படுவது இதனால்தான்.

எல்லா முறைகளையும் ஒரே பாடத்தை வைத்து ஒப்பிடுகிறேன், அந்தக் கடல் ஓதப் பாடத்தையே. நிலவின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் காரணம். ஒரு நீரேற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். முழுநிலவிலும் அமாவாசையிலும் ஏற்ற இறக்கம் அதிகம், அரைநிலவில் குறைவு. காரணம், வரிசை, ஒப்பீடு ஆகிய மூன்றும் இதில் உள்ளன.

## சொல்வதை அப்படியே எழுதுதல்

இதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, ஆனால் கற்றுத்தராவிட்டால் மாணவர் தானாகவே வந்து நிற்கும் இடம் இது. பாதுகாப்பானது போலத் தோன்றும். எதுவும் விடுபடவில்லை என்ற நிம்மதி பெற்றோருக்கும் உண்டு, மாணவருக்கும் உண்டு.

செலவு முழுவதும் பின்னால் வருகிறது. காதில் விழுந்தது நேராகக் கைக்குப் போய்விடுகிறது, இடையில் மனம் எதையும் தேர்வு செய்வதில்லை. நான்கு பக்கத்தை நான்கு வரியாக்கும் வேலை அப்படியே காத்திருக்கும், தேர்வுக்கு முந்தைய இரவு வரை. பேசச் சொன்னால் நோட்டைப் பார்த்து வாசிப்பார்கள்.

சொற்கள் மாறக் கூடாத இடங்களில் மட்டும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். வரையறை, சூத்திரம், சட்டப் பிரிவு, செய்யுள், ஒருவரின் நேரடிக் கூற்று ஆகியவற்றைப் பிசகில்லாமல் எழுதுவதும் ஒரு திறமைதான். "இது அப்படியே வேண்டும்" என்று மாணவரே கண்டுகொண்டு மேற்கோள் குறிக்குள் எழுதப் பழகிவிட்டால், மற்றவற்றைத் தன் சொல்லில் எழுதும் துணிவும் வந்துவிடும்.

## கார்னெல் முறை

1950களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் வகுத்த முறை. பக்கத்தின் இடதுபுறம் ஏறத்தாழ இரண்டரை அங்குலம் விட்டு ஒரு கோடு, அடியில் இரண்டு அங்குலம் விட்டு ஒரு கோடு. வலப்பக்கத்தில் வகுப்புக் குறிப்பு. வகுப்பு முடிந்த பிறகு இடப்பக்கத்தில் கேள்விகள். அடியில் சில வரிச் சுருக்கம்.

குறிப்பெடுத்தல், சுருக்குதல், நினைவுகூர்தல் என்ற மூன்றுக்கும் ஒரே தாளில் இடம் ஒதுக்கியிருப்பதுதான் இதன் பலம். வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இடப்பக்கக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பார்த்தால், பேச்சுக்கான முதல் ஒத்திகை முடிந்தது. வாசிப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல் என்பதை ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் தெளிவாகக் காட்டினார்கள். படித்ததைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள், புத்தகத்தை மூடி நினைவுகூர்ந்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். மாணவர்கள் திரும்பத் திரும்ப வாசிப்பதையே விரும்புவதற்கும் இதுவே காரணம். அந்த ஐந்து நிமிட வெற்றி கண்முன் தெரிகிறது.

ஆனால் இடப்பக்கத்தை எப்படி நிரப்புவது என்று கற்றுத்தராவிட்டால் இந்த முறை வெறும் கோடுபோட்ட தாள். பத்து நோட்டுகளைத் திறந்தால் ஒன்பதில் இடப்பக்கம் "ஓதம்: காரணம்", "வகைகள்", "நேரம்" என்று இருக்கும். இவை பெயர்ப் பலகைகள். "நிலவு ஒரு பக்கம்தான் இருக்கிறது, நீர் ஏன் பூமியின் இரண்டு பக்கமும் ஏறுகிறது?" என்பது கேள்வி. முதல் மூன்றுக்கும் மாணவரால் தலையசைத்துவிட்டுப் போக முடியும், கடைசியானதற்கு முடியாது. இடப்பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றும் கேள்விக்குறியோடு முடிய வேண்டும் என்ற ஒரே விதியை இரண்டு வாரம் விடாமல் பிடித்தால் போதும். எனக்கு அதற்கு முன் பல மாதங்கள் வீணாயின.

இன்னொரு செலவு, நேரம். வகுப்பு முடியும்போது இந்தக் குறிப்பு பாதிதான் முடிந்திருக்கும். மீதிக்குப் பத்து நிமிடம் வேண்டும். அதை வீட்டு வேலையாகக் கொடுத்தால் பெரும்பாலோர் செய்ய மாட்டார்கள். பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்க உங்களால் முடியாது என்றால் இந்த முறையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

விளக்கமும் காரணமும் நிறைந்த பாடங்களுக்கும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், ஒரே வகுப்போடு நீண்ட காலம் இருக்கப்போகும் ஆசிரியருக்கும் இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை.

## படிநிலைக் குறிப்பு

தலைப்பு, அதற்குள் உட்தலைப்பு, அதற்குள் விவரம் என்று உள்தள்ளி எழுதும் முறை. சொல்பவர் ஒழுங்காகச் சொன்னால் மிக வேகமாக எழுதலாம், கோடு போட வேண்டியதில்லை, கணினியிலும் வசதி. உரைக்கான எலும்புக்கூடும் அப்படியே கிடைத்துவிடும்.

சிக்கல் ஒன்றுதான், ஆனால் பெரியது: அந்த ஒழுங்கு பேச்சாளருடையது. அவர் தடம் மாறினால் குறிப்பும் சிதறும். அவர் ஒழுங்காகச் சொன்னால் மாணவர் யோசிக்காமலே எல்லாம் வரிசையாக வந்துவிடும். இரண்டுமே தொல்லை. புத்தகத்திலிருந்து குறிப்பெடுக்க இதைக் கற்றுத்தாருங்கள். நேரில் கேட்கும் உரைக்கு, ஓரளவு பழகிய பிறகு பார்க்கலாம்.

## வரைபடக் குறிப்பு

நடுவில் பொருள், சுற்றிலும் கிளைகள். 1974இல் டோனி புஸான் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியாக மனவரைபடத்தைப் பரவலாக்கினார். இதன் உறவுக்காரர் கருத்துவரைபடம், ஜோசப் நோவாக் 1970களில் கார்னெலில் உருவாக்கியது. இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறவர்கள் அதிகம். என் பார்வையில் வேறுபாடு மிகப் பெரிது. மனவரைபடத்தில் கிளை இருக்கும், கோட்டின் மேல் எதுவும் எழுத வேண்டியதில்லை. கருத்துவரைபடத்தில் இரண்டு கருத்துகளை இணைக்கும் கோட்டின் மேல் ஒரு வினைச்சொல் இருந்தே ஆக வேண்டும்: நிலவு, "இழுக்கிறது", கடல் நீர்.

அந்த வினைச்சொல்லை எழுதும்போதுதான் புரியாத இடம் வெளிப்படுகிறது. சூரியனையும் ஓதத்தையும் ஒரு கோட்டால் இணைத்த மாணவரிடம் "கோட்டின் மேல் என்ன எழுதுவாய்?" என்று கேட்டேன். "தொடர்பு" என்று எழுதினார். எப்படித் தொடர்பு என்று கேட்டதும் பேனா நின்றுவிட்டது. சூரியனும் நீரை இழுக்கிறது, அதன் விளைவு நிலவினுடையதில் பாதிக்கும் குறைவு, ஒரே கோட்டில் நிற்கும்போது கூட்டுகிறது, செங்கோணத்தில் நிற்கும்போது குறைக்கிறது என்று அந்த ஒரு கோட்டிலிருந்தே பாடம் மறுபடி தொடங்கியது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. நேரில் கேட்கும்போது வரைவது கடினம், அடுத்த கிளை எங்கே வரும் என்று தெரியாததால் தாள் நிரம்பிவிடும். இரண்டாவது, வண்ணமும் அலங்காரமும் நேரத்தைத் தின்றுவிடும். அழகான படம் சுவரில் தொங்கும், வரைந்தவருக்கு உள்ளடக்கம் நினைவிருக்காது. பேசும்போதும் ஒரு தொல்லை உண்டு: வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மாணவர் நிற்பார். கிளைகளுக்கு 1, 2, 3 என்று எண் போடச் சொல்லுங்கள், உரை அங்கேயே உருவாகிவிடும்.

வகுப்பு முடிந்தபின் பல நாள் குறிப்புகளை ஒன்றுசேர்க்கவும், உரைக்குத் தலைப்புக் கிடைத்தவுடன் என்ன தெரியும் என்று கொட்டிப் பார்க்கவும் இது சிறந்தது. எழுதத் தயங்கும் குழந்தைகளும் இதில் துணிந்து கை வைப்பார்கள்.

## கட்டக் குறிப்பு

அட்டவணைதான். மேலே ஒப்பிட வேண்டியவை, இடப்பக்கம் ஒப்பிடும் கூறுகள். இது போதிய கவனம் பெறாமல் போனது எனக்கு வருத்தம்.

ஓதப் பாடத்தில் மேலே "முழுநிலவும் அமாவாசையும்", "அரைநிலவு" என்று இரண்டு கட்டங்கள். இடப்பக்கம் "மூன்று கோள்களும் நிற்கும் நிலை", "ஈர்ப்பு சேருமா குறையுமா", "நீர் எவ்வளவு ஏறும்" என்று எழுதத் தொடங்கினோம். எழுதிய உடனே ஒரு மாணவர் சொன்னார், சூரியன் கோள் இல்லை என்று. நிலவும் கோள் இல்லை, துணைக்கோள். "மூன்று வான்பொருள்களும்" என்று திருத்தினோம். கட்டம் போடும்போது பெயர்களைச் சரியாக வைக்க வேண்டியிருக்கிறது. தவறு அங்கேயே பிடிபடுகிறது. காலியாக நிற்கும் கட்டமும் அப்படித்தான். "இதைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லையே" என்று மாணவரைத் தானாகவே தேட வைக்கிறது. வேறு எந்த முறையிலும் விடுபட்டது இப்படிக் கண்ணில் குத்துவதில்லை.

பேச்சுக்கு இது மிக எளிது. ஒவ்வொரு வரிசையும் ஒரு பத்தி. ஆனால் கூறுகளை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், எனவே முதல் முறை கேட்கும் உரைக்கு ஒத்துவராது. ஒப்பீடு இல்லாத பாடத்தில் வலிந்து கட்டம் போட்டால் பொருள் கெட்டுப்போகும்.

## இடைவெளித் தாள்

பாடத்தின் எலும்புக்கூட்டை ஆசிரியரே அச்சிட்டுக் கொடுத்து, முக்கிய இடங்களைக் காலியாக விடுவது. இதைத் தனி முறையாகக் கருதாமல் ஏணியாகப் பயன்படுத்துங்கள். எழுத்து வேகம் குறைந்தவர்கள், கேட்கும் மொழி இன்னும் பழகாதவர்கள், சிறு வயதினர் ஆகியோருக்கு இது இல்லாமல் தொடங்குவது கொடுமை.

காலியிடம் ஒரு சொல்லுக்கு மட்டும் இருந்தால் மாணவர்கள் அந்தச் சொல் வரும்வரை காத்திருந்துவிட்டு மற்றதைக் கேட்க மாட்டார்கள். இரண்டு வரி இடம் விட்டு, "ஏனெனில்..." என்று தொடங்கிக் கொடுங்கள். நான்கு தாளுக்கு ஒருமுறை அச்சிட்ட பகுதியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தயாரிக்கும் சுமை முழுவதும் ஆசிரியர் தலையில்தான் விழும், வாரத்துக்கு ஒரு பாடத்துக்கு மேல் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | கேட்கும்போது வேகம் | கற்றுத்தர ஆகும் காலம் | சுருக்கமாக்குவது | வைத்துக்கொண்டு பேசுவது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| அப்படியே எழுதுதல் | பின்தங்கும் | தேவையில்லை | மிகக் கடினம் | வாசிப்பாகிவிடும் | வேலை முழுவதும் தள்ளிப்போகும் |
| கார்னெல் | நடுத்தரம் | ஆறு முதல் எட்டு வாரம் | தாளிலேயே உண்டு | எளிது | வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் |
| படிநிலை | வேகம் | இரண்டு வாரம் | எளிது | எளிது | பேச்சாளரின் ஒழுங்கை நம்பியிருக்கும் |
| வரைபடம் | மெதுவு | மூன்று வாரம் | நடுத்தரம் | எண் போட்டால் எளிது | அலங்காரம், தொடக்கம் தெரியாமை |
| கட்டம் | முன்பே கூறுகள் தெரிந்தால் வேகம் | ஒரு வாரம் | எளிது | மிக எளிது | ஒப்பீட்டுப் பாடங்களுக்கு மட்டும் |
| இடைவெளித் தாள் | வேகம் | ஒரே நாள் | ஆசிரியர் செய்துவிட்டார் | கடினம் | தயாரிப்புச் சுமை |

கால அளவுகள் என் வகுப்புகளில் கண்டவை. உங்கள் வகுப்பில் முன்பின் இருக்கும்.

## பேனாவா, கணினியா?

கையால் எழுதினால்தான் மனத்தில் நிற்கும் என்ற பேச்சுக்குப் பெரிய ஆதாரமாகக் காட்டப்படுவது முல்லரும் ஓப்பன்ஹைமரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு. மடிக்கணினியில் தட்டச்சு செய்தவர்கள் சொல்லுக்குச் சொல் எழுதினார்கள், கருத்துக் கேள்விகளில் பின்தங்கினார்கள் என்றது அது. பின்னர் 2019இலும் 2021இலும் மற்றவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது மதிப்பெண் வேறுபாடு அவ்வளவு தெளிவாக வரவில்லை. தட்டச்சு செய்தவர்கள் அதிகச் சொற்கள் எழுதியது மட்டும் மறுபடியும் தெரிந்தது. எனவே கருவிக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. கணினியில் அப்படியே எழுதும் ஆசை அதிகம், அதை எப்படி அடக்குவது என்று கற்றுத்தந்தால் போதும். வரைபடமும் சூத்திரமும் வரும் பாடங்களில் பேனாவே வசதி. எழுதினால் கை வலிக்கும் குழந்தையிடம் பேனாவைத் திணிக்காதீர்கள்.

## சுருக்குதல்: பார்த்துக்கொண்டா, மூடிவிட்டா?

சுருக்கம் எழுதுவது நல்ல படிப்பு முறையா என்றால், டன்லோஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது இதைக் குறைந்த பயனுள்ளது என்ற வரிசையில்தான் வைத்தார்கள். காரணத்தையும் சொன்னார்கள்: நன்றாகச் சுருக்கத் தெரிந்தவருக்குப் பயன் உண்டு, மற்றவர்களுக்கு நீண்ட பயிற்சி வேண்டும். சுருக்கி எழுதச் சொல்வது வேறு, சுருக்கக் கற்றுத்தருவது வேறு என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

தாளைப் பார்த்துக்கொண்டு சுருக்கினால் வெட்டு வேலைதான் நடக்கும். பிரவுனும் டேயும் 1983இல் கண்டது இதுதான்: தேவையற்றதை நீக்கும் விதி ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கே வந்துவிடுகிறது. பலவற்றை ஒரே பொதுச்சொல்லில் அடக்குவது பிறகு வருகிறது. எங்கும் எழுதியிராத மையக் கருத்தைத் தானே ஒரு வாக்கியமாக ஆக்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வருகிறது. "மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக" என்று மட்டும் சொன்னால் மாணவர்கள் முதல் படியிலேயே நின்றுவிடுவார்கள். மூன்றில் இரண்டு பங்கை அடித்துவிட்டு மீதியை நகலெடுப்பார்கள்.

மூடிவிட்டுச் சுருக்கினால் கைக்கு வருவது மனத்தில் நின்றது மட்டுமே. பிழை வரும், விடுபடும். பிறகு தாளைத் திறந்து வேறு நிறப் பேனாவில் திருத்த வேண்டும். இரட்டை வேலை என்று மாணவர்கள் முதலில் அலுத்துக்கொள்வார்கள், விட்டுவிடாதீர்கள். பேச்சுக்கு இட்டுச்செல்லும் வழி இது. பிறருடைய எழுத்தைத் துல்லியமாகச் சுருக்கிக் கொடுக்க வேண்டிய அலுவல் வேலைக்கும், சட்ட, அறிவியல் வாசகங்களுக்கும் பார்த்துக்கொண்டு சுருக்குவதே சரி.

மதிப்பிட நான் புதிதாக எதுவும் தயாரிப்பதில்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஐந்து போதும். குன்றக் கூறல்: முக்கியமானது விடுபட்டதா? மிகைபடக் கூறல்: மூலத்தில் இல்லாதது சேர்ந்ததா? கூறியது கூறல்: ஒன்றே இரண்டு முறை வந்ததா? மாறுகொளக் கூறல்: முன்னுக்குப் பின் முரணா? மற்றொன்று விரித்தல்: வேறு பொருளுக்குத் தாவியதா? சுருக்கத்தின் ஓரத்தில் இந்தப் பெயரை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தால், எங்கே என்று மாணவரே தேடிக் கண்டுபிடிப்பார். முப்பது சுருக்கங்களைத் திருத்த எனக்கு ஆகும் நேரம் இதனால் பாதியானது.

## எடுத்துரைத்தல்: முழு உரையா, அட்டையா, ஸ்லைடா?

தகவல் தரும் உரை என்பது கேட்பவரை ஒரு முடிவுக்கு இழுப்பதற்காக அன்று. அவர் அறியாத ஒன்றை அறிந்துகொண்டு வெளியே போக வேண்டும் என்பதற்காக. அதற்கு எது உதவுகிறது என்று மட்டும் பாருங்கள்.

முழு உரையை எழுதிப் படிப்பது பயத்தைக் குறைக்கும். முதல் முறை மேடை ஏறும் மாணவர் முதல் இரண்டு வரியையும் கடைசி வரியையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். முழுவதையும் எழுதினால் கண் தாளைவிட்டு ஏறாது. மனப்பாடம் இன்னும் ஆபத்தானது. ஒரு சொல் மறந்தால் பின்னால் வரும் அத்தனையும் நின்றுவிடும்.

குறிப்பு அட்டையைத்தான் நான் முதலில் கற்றுத்தருகிறேன். உள்ளங்கை அளவு அட்டை ஒன்று, அதில் ஐந்து சொற்கள். நான்கு பக்கம் எழுதிய அந்த மாணவி பிற்பாடு ஓதத்தைப் பற்றிப் பேசியபோது அவள் அட்டையில் இருந்தவை: "நிலவு, இரு பக்கம், 50 நிமிடம், சூரியன், அரைநிலவு". "50 நிமிடம்" என்ற இடத்தில் அவள் தன் நாற்காலியைச் சுற்றி நடந்து காட்டினாள். பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நிலவு தன் பாதையில் கொஞ்சம் முன்னே போய்விடுகிறது, அதை எட்டிப் பிடிக்கப் பூமிக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் கூடுதலாகத் தேவை என்று. அந்த நடை எந்த நோட்டிலும் இல்லை.

ஸ்லைடு, காட்டியே ஆக வேண்டிய படம், வரைபடம், எண் இருக்கும்போது இணையற்றது. பேசுவதையே எழுத்தாகவும் திரையில் போட்டால் கற்றல் குறைகிறது என்பது ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகளில் நிலைபெற்ற முடிவு. கேட்பவர் திரையை வாசித்து முடித்துவிட்டுப் பேச்சாளருக்காகக் காத்திருப்பதை எந்த வகுப்பிலும் பார்க்கலாம். தயாரிக்கும் நேரத்தில் பெரும்பகுதி எழுத்துருவுக்கும் பின்னணிக்கும் போய்விடுவது இன்னொரு செலவு. ஸ்லைடு கட்டாயம் என்றால் எல்லை வைத்துவிடுங்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டியில் அசையாத ஸ்லைடு ஒன்றே ஒன்றுதான் அனுமதி. பள்ளி மாணவர்களுக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது.

உரையை மதிப்பிடும் வேலையைக் கேட்பவர்களிடம் கொடுங்கள். பேச்சு முடிந்ததும் எல்லோரும் இரண்டு வரிச் சுருக்கம் எழுதட்டும். அந்தச் சுருக்கங்களைப் பேசியவரே வாசிக்கட்டும். தான் சொல்ல நினைத்ததும் அவர்கள் காதில் விழுந்ததும் எங்கே விலகின என்று அவருக்கே தெரிந்துவிடும்.

## யாருக்கு எது?

ஒரே வகுப்போடு ஓராண்டு இருப்பவர் இடைவெளித் தாளில் தொடங்கி, மூன்றாவது வாரத்தில் கார்னெல் முறைக்கு மாறி, ஒப்பீட்டுப் பாடம் வரும்போதெல்லாம் கட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் பேச வாய்ப்புக் கொடுத்தால் போதும்.

மூன்று வாரம்தான் கிடைக்கிறது என்றால் கார்னெலை விட்டுவிடுங்கள். முதல் வாரம் கட்டக் குறிப்பு, இரண்டாம் வாரம் மூடிவிட்டுச் சுருக்குதல், மூன்றாம் வாரம் ஐந்து சொல் அட்டை.

கல்லூரி மாணவர் தனியாகக் கற்றுக்கொள்ள நினைத்தால், புத்தகத்துக்குப் படிநிலை, விரிவுரைக்குக் கார்னெல், ஆய்வுரைத் தயாரிப்புக்குக் கருத்துவரைபடம். மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம், விரிவுரைக் குறிப்பில் தொடங்கினால் பலன் விரைவில் தெரியும்.

எழுத இன்னும் தடுமாறும் சிறு குழந்தைகளுக்கு வேறு வழி. ஒரு பத்தியை வாசித்துக் காட்டுங்கள். படம் ஒன்று வரையச் சொல்லுங்கள். அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வகுப்பில் இல்லாத ஒருவருக்குச் சொல்வது போல மூன்று வாக்கியம் சொல்லட்டும். எழுதுவதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு பாடவேளைதான் கிடைத்தது, அதுவும் மற்றொருவரின் வகுப்பு என்றால், எந்த முறையையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டாம். பதினைந்து நிமிடம் பாடம் நடத்துங்கள், நோட்டுகளை மூடச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் அந்தப் பாடத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு நோட்டைத் திறந்து, சொல்ல முடியாமல் போன இடத்தில் மட்டும் ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள்.